இரும்பில் ஒன்றுமில்லை

மூன்றாம் மைல் பக்கம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் கஸ்பாரின் பல்லைப் பற்றித் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாத சத்தம் ஒரு எஞ்சினில் கேட்டால், பெரிய பட்டறைக்காரர்கள் இரண்டு நாள் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். கடைசியில், "தருவைகுளத்துக்காரர்ட்ட கொண்டு போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கஸ்பார் இரண்டு முழ நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஓடுகிற எஞ்சினில் ஊன்றுவார். மறுமுனையைக் கடைவாய்ப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்பதெல்லாம் பல் வழியே ஏறி அவர் மண்டைக்குள் கேட்கும்.

காது வழியே கேட்க அவருக்கு வழியில்லை. பத்தொன்பது வருஷம் சங்கு குளித்தவர். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசர் அனுப்பும் காற்றைக் குழாய் வழியே வாயில் வாங்கிக்கொண்டு கடலின் அடியில் நடந்தவர். இரண்டு செவிப்பறையும் கிழிந்த பிறகுதான் கரைக்கு வந்து ஸ்பேனரைப் பிடித்தார். முகத்துக்கு நேரே நின்று உரக்கப் பேசினால் விளங்கும். அதற்கு அப்பால் உலகம் அவருக்கு ஊமைதான்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த நீலக் கார் அவர் பட்டறை வாசலில் நின்றது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. பெங்களூரில் யாரோ ஓட்டித் தீர்த்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். குளிர்ந்த எஞ்சினில்தான் வரும் ஒரு சத்தத்தைக் காட்ட வேண்டும் என்பதால் முந்தின நாள் மாலையே ஞானதீபம் சார் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சொந்த ஊர் நாசரேத். இப்போது போல்டன்புரத்தில் வீடு.

"விக்கலாம்னு பாக்கேன் கஸ்பார்," என்று சொல்லியிருந்தார். "வாங்க வந்த பையன், காலைல ஏதோ டிக் டிக்குங்குதுன்னு சொல்லுதான். என்னன்னு பாத்து எழுதிக் குடுத்துட்டா குடுத்துரலாம். எங்களுக்கு இதை வாசல்ல வச்சிட்டு இருக்க முடியல."

ஏன் முடியவில்லை என்பது ஊருக்கே தெரியும். அவருடைய ஒரே மகன் ஷாம், கப்பலில் வேலை பார்த்தவன், நிச்சயம் செய்த கல்யாணம் முறிந்து வீட்டில் இருந்தான். மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், துறைமுகச் சாலையோரம் ஒரு மரத்தடியில், இந்தக் காருக்குள் செத்துக் கிடந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. புகைக் காற்று மூச்சில் ஏறியதுதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். அவனாகவே செய்துகொண்டான் என்று ஊர் எழுதிக்கொண்டது. தற்கொலை என்றால் ஆராதனை கிடையாது என்று சபை ஐயர் சொல்லிவிட்டதால், பெட்டியை வேதக் கோயிலுக்குள் கொண்டுபோகவில்லை. வீட்டு வாசலிலேயே சுருக்கமாக ஒரு ஜெபம் நடந்தது. அங்கிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள்.

ஊருக்குத் தெரியாத ஒன்று கஸ்பாருக்குத் தெரியும். சாவதற்கு நான்கு நாள் முன்னால் ஷாம் இந்தக் காரை இதே வாசலுக்குக் கொண்டுவந்தான். இதே டிக் டிக்கைத்தான் சொன்னான். கஸ்பார் கம்பியைக் கடித்துப் பார்த்தார். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் சன்னமான தட்டல் தவிர வேறொன்றும் மண்டைக்குள் ஏறவில்லை. "இரும்புல ஒண்ணுமில்ல தம்பி. பயப்படாம ஓட்டு," என்று சொல்லி அனுப்பினார். இதை முந்தின நாள் ஞானதீபம் சாரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, பையன் தானே முடிவு செய்துகொண்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் கம்பியைக் கடித்தார். போன மாதம் கேட்டது போலவே இன்ஜெக்டர்களின் தட்டல் மட்டும். நான்கு இடத்தில் ஊன்றிப் பார்த்தார். இரும்பு சுகமாக இருந்தது.

பக்கத்துக் கடை சுடலைச்செல்வியைக் கையசைத்துக் கூப்பிட்டார். கார் சீட்டுக்கு உறை தைப்பவள் அவள். நாக்கில் ஊசி வைத்திருப்பவள் என்று பேர்.

"என்ன அண்ணாச்சி, பல்லுக்கு இன்னைக்கு லீவா?"

"காதைக் கொஞ்சம் கடன் குடு தாயி. இங்கன குனிஞ்சு கேளு."

அவள் எஞ்சின் பக்கம் தலையைச் சாய்த்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கினாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"டிக் டிக்குன்னு யாரு சொன்னா? இது தட்டுத சத்தம் இல்ல அண்ணாச்சி." அவர் முகத்துக்கு நேரே வந்து உரக்கச் சொன்னாள். "உதட்டைக் குவிச்சு புப் புப்னு ஊதுத மாதிரி இருக்கு. காத்துச் சத்தம்."

கஸ்பார் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். காற்று. பல் கடித்த கம்பி இரும்பின் நடுக்கத்தைக் கொண்டுவரும். இரும்பைவிட்டு வெளியே போய்விட்ட காற்றை அது எப்படிக் கொண்டுவரும்? இத்தனை வருஷத்தில் இதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. பல் சொல்லாதது எதுவும் எஞ்சினில் இல்லை என்றே நம்பி வந்திருந்தார்.

"உன் சாமி படத்துக்கிட்ட ஊதுபத்தி இருக்கா?"

"சிலுவை போடுத வேதக்காரருக்கு ஊதுபத்தி எதுக்கு?" என்றாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் பேசாமல் ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வந்தாள்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்களின் ஓரமாக ஊதுபத்தியை மெல்ல நகர்த்தினார். அந்தக் குழாய்கள் காரோடு வந்தவை அல்ல. உறுமல் சத்தத்துக்காகப் பழைய சொந்தக்காரன் மாற்றி வைத்திருந்தான். புகையின் நஞ்சை முறிக்கும் பெட்டியையும் அறுத்து எடுத்திருந்தான். மூன்றாவது குழாயின் வெல்டிங் அருகே வந்ததும் ஊதுபத்திப் புகை திடுக் திடுக்கென்று விலகியது. டார்ச் அடித்துப் பார்த்தார். மயிரிழை போல ஒரு பிளவு. அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

ஐந்து நிமிஷத்தில் சுடலைச்செல்வி, "சத்தம் நின்னுட்டு," என்றாள். இரும்பு சூட்டில் விரிந்து பிளவு நெருங்கியிருக்க வேண்டும். கஸ்பார் ஊதுபத்தியை அங்கேயே பிடித்திருந்தார். சத்தம் நின்ற பிறகும் புகை விலகிக்கொண்டேயிருந்தது.

அந்தப் பிளவுக்கு நேர் பின்னால், எஞ்சினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பாட்டுப் பெட்டிக்கு வயர் இழுக்க யாரோ துளைத்தது. ரப்பர் வைத்து அடைக்காமல் விட்டிருந்தார்கள்.

கஸ்பார் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிகளை ஏற்றினார். ஏசியைத் திருப்பினார். சுடலைச்செல்வியிடம் முன்பே சொல்லியிருந்தார்: "பத்து நிமிஷம். நான் தலையைச் சாய்ச்சா கதவைத் திறந்துரு."

"பைத்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று அவள் கண்ணாடிக்கு வெளியே கத்தியது உதட்டில் தெரிந்தது.

வாசனை ஒன்றும் வரவில்லை. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஏழாவது நிமிஷம் நெற்றியைச் சுற்றி ஒரு கயிறு விழுந்தது. அது மெல்ல இறுகியது. கஸ்பாருக்கு அந்தக் கயிறு பழக்கம். கடலில் காற்று திசை மாறி, வள்ளத்து எஞ்சினின் புகையைக் கம்ப்ரசர் உறிஞ்சிக் கீழே அனுப்பும் நாட்களில் இதே கயிறுதான் விழும். அப்படி ஒரு நாள் கிருபாநிதி என்ற கூட்டாளியை அவர் அடியிலிருந்து தூக்கி வந்தார். உதடுகள் வெற்றிலை போட்டது போலச் சிவந்திருந்தன. உயிர் இல்லை. கெட்ட காற்றைப் பற்றி இந்த ஊரில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. அவர்தான் அந்தப் பையனிடம் பயப்படாதே என்று சொல்லியிருக்கிறார்.

கதவு திறந்து ஒரு கை அவர் சட்டையைப் பற்றி வெளியே இழுத்தது. சுடலைச்செல்வி அழுதுகொண்டே திட்டினாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

பத்து மணிக்கு ஞானதீபம் சார் வந்தார். கஸ்பார் அவருக்குப் பிளவைக் காட்டினார், ஓட்டையைக் காட்டினார், ஊதுபத்தியைப் பிடித்துக் காட்டினார். தான் உள்ளே உட்கார்ந்ததையும் சொன்னார். "சார், தம்பி ஏசிக்காக உக்காந்திருக்கு. தூக்கம் வாறது மாதிரி இருந்திருக்கும். அவ்வளவுதான். சாகணும்னு உக்காரல."

வாத்தியாரின் முகம் ஒரு கணம் திறந்தது. பிறகு, கணக்கில் எங்கோ பிசகு கண்டவரைப் போல, மெல்ல மூடிக்கொண்டது.

"இல்ல கஸ்பார். அவனுக்கு இந்தச் சத்தம் தெரியும். சாப்பிடும்போது என்ட்டயே சொன்னான், வண்டியில என்னமோ சத்தம் வருதுப்பான்னு. அவன் கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேலை பாத்தவன். புகை உள்ள வாறதைக் கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடிச்சிருப்பான்." குரலை இறக்கினார். உதட்டைப் பார்த்துத்தான் கஸ்பார் மீதியைப் புரிந்துகொண்டார். "கண்டுபிடிச்சு, அதுக்காகவே உக்காந்திருப்பான்."

கஸ்பார் தன் கைகளைப் பார்த்தார். கரி அப்பியிருந்தது. ஷாம் இங்கே வந்தது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அன்று சுடலைச்செல்விகூடக் கடையை அடைத்துவிட்டு உடன்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்ல மனுஷன், சொல்லாமலே இவ்வளவு தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தான் என்று பேராகும். பல்லின் பேரும் நிற்கும். ஆனால் இந்தத் தகப்பன், கையில் பாதி உண்மையோடு வீட்டுக்குப் போவார். பாதி உண்மை முன்பு இருந்ததைவிடக் கொடியது. முன்பு சந்தேகமாவது இருந்தது.

மனிதன் இன்னொருவனுக்குச் செய்யும் நன்மைகளில் சில, செய்கிறவன் தன்னை வெட்டிக் கொடுத்தால்தான் முழுமையாகும். கஸ்பார் அதை இப்படியெல்லாம் நினைக்கவில்லை. வாத்தியாரின் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருப்பதைத்தான் பார்த்தார்.

"சார், தம்பி கண்டுபிடிக்கல. எங்கிட்டதான் கொண்டுவந்து கேட்டுது, அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. நான் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, பயப்படாம ஓட்டுன்னு சொன்னேன். அதுவும் தலையை ஆட்டிட்டு, சரி அண்ணாச்சின்னு நிம்மதியாப் போச்சு. என் பேச்சை நம்பித்தான் உள்ள உக்காந்திருக்கு."

ஞானதீபம் சார் காரைப் பார்த்துத் திரும்பினார். காரின் மூடியில் கை வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று கஸ்பார் நினைத்தார். அடித்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"வீட்டுக்கு வாங்க," என்றார் கடைசியில். "நான் சொன்னா அவ நம்பமாட்டா. என்னைத் தேத்துறதுக்குச் சொல்லுதீங்கன்னு சொல்லுவா."

வாத்தியாரின் மனைவி ஜெயஷீலா டீச்சர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் மகனிடம், "வீட்டுல கெடந்து என் உயிரை எடுக்காத, எங்கயாவது போயித் தொலை," என்று சொல்லியிருந்தார். அவன் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துப் போனான். வழியில் வாத்தியார் இதைச் சொன்னபோது கஸ்பார் நடக்காமல் நின்றுவிட்டார். நாற்பது நாளாக அந்த அம்மாள் அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டு, அதிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

கஸ்பார் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

டீச்சர் ஏதோ கேட்டார். உதடு அசையவேயில்லை.

"எனக்குக் காது கேக்காதும்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லணும்."

அவர் கணவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடும் என்று இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே பேசிப் பழகிய தொண்டை, முதலில் கிறீச்சிட்டது. "அப்ப எம் புள்ளை சாகணும்னு போகலையா?"

"இல்லம்மா."

"நான் சொன்ன சொல்லுக்காகப் போகலையா?"

"இல்லம்மா. நான் சொன்ன சொல்லை நம்பிப் போச்சு."

திறந்திருந்த கதவுக்கு நேரே, எதிர்வீட்டு வாசலில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் அசையாமல் நின்றாள். டீச்சர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கஸ்பாரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. அதை அவர் எதிர்பார்க்கவுமில்லை.

"ஐயர்ட்ட வந்து இதைச் சொல்லுவீங்களா?"

"வாரேன்."

"போலீஸ்லயும் எழுதிக் குடுக்கணும்."

"குடுக்கேன்."

"உங்க பட்டறைக்கு அப்புறம் எவன் வருவான்?" என்று வாத்தியார் குறுக்கே கேட்டார். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்பது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரமாட்டாங்க சார்," என்றார் கஸ்பார்.

டீச்சர் எழுந்து அருகில் வந்தார். "நீங்களும் உள்ள உக்காந்து பாத்தீங்கன்னு சொன்னீங்களே. வலிச்சுதா?"

அவர் கேட்பது தன்னைப் பற்றியல்ல என்று கஸ்பாருக்கு விளங்கியது. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தார்.

"முதல்ல நெத்தி வலிச்சுதும்மா. அப்புறம் அசதி. எனக்கு அது பழக்கமானதுனால இன்னதுன்னு தெரிஞ்சுது. தெரியாதவங்களுக்கு வெயில்ல அலைஞ்ச தலைவலின்னுதான் தோணும். அப்படியே கண்ணை மூடியிருக்கும்."

"இப்பவும் வலிக்கா?"

"இருக்கும்மா."

டீச்சர் உள்ளே போனார். அடுப்படியில் பாத்திரம் புழங்கும் சத்தத்தை வாத்தியார் தலையைத் தூக்கிக் கேட்டார். கஸ்பாருக்கு அது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கருப்பட்டிக் காப்பி ஒரு தம்ளரில் கொண்டுவந்தார். கையில் கொடுக்கவில்லை. மேஜை மேல் வைத்தார்.

"தலைவலிக்குக் குடிங்க," என்று உரக்கச் சொன்னார்.

கஸ்பார் தம்ளரை எடுத்தார். கொஞ்சம் தரையில் சிந்தியது. டீச்சர் சிந்தியதைப் பார்த்தார். அவர் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். பிறகு காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு, "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வாங்க. சேந்தே போவோம்," என்றார்.