ஓரத்தில் ஒரு சின்ன அம்பு

சிட்டுவுக்கு முதல் வலிப்பு வந்தது ஐந்து வயதில். அப்போது அவள் அம்மா வாடிக்கையாளர் ஒருவரின் திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஊசி டப்பா எந்தப் பக்கம் உருண்டு ஓடியது என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளை எவ்வளவு நேரம் துடித்தாள் என்று டாக்டர் கேட்டபோதுதான் பதில் சொல்லத் தெரியவில்லை.

"அடுத்த தடவை வந்தா போன்ல வீடியோ எடுங்கம்மா. நீங்க வாயால சொல்றதைவிட அது எனக்கு உதவும்" என்றார் டாக்டர்.

பெற்ற பிள்ளை தரையில் கிடந்து துடிக்கும்போது போனைத் தூக்கிப் பிடிக்க எந்த அம்மாவுக்குக் கை வரும்? இவள் வரவழைத்துக்கொண்டாள். ஒரு கையால் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்தபடி மறு கையால் எடுத்தாள். ஆறு வருஷத்தில் நாற்பத்து மூன்று வீடியோக்கள். எடுத்ததோடு சரி, ஒன்றைக்கூட அவள் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை. தேதியையே பெயராக வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அந்த நிமிஷமே போனிலிருந்து அழித்துவிடுவாள்.

இப்போது அந்த நாற்பத்து மூன்றுக்கும் வேலை வந்திருந்தது. தூரத்துப் பெரிய மருத்துவமனையின் நரம்பு டாக்டர் புதன்கிழமை வீடியோ கால் வழியாகவே சிட்டுவைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மூளையில் ஆபரேஷன் செய்யலாமா, கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வீடியோக்களை முன்னதாகவே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்புவதற்கான மருத்துவமனைச் செயலியோ வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. கம்ப்யூட்டரை இயக்குகிற சிஸ்டத்தையே புதிதாக மாற்றினால்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிட்டுவின் அப்பா அந்த வேலையில் உட்கார்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆட்கள் அலறிக்கொண்டிருக்கும்போது, "ரெண்டு நிமிஷம் சார்" என்று நிதானமாகத் திருப்புளியைத் தேடுகிற ஆள். வீட்டிலும் அப்படித்தான்.

"எல்லாத்தையும் பென் டிரைவ்ல பேக்கப் எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு."

"சிட்டு ஃபோல்டர்?"

"அதைத்தான் முதல்ல இழுத்துப் போட்டேன். நீ போய் உன் தையலைப் பாரு."

புது சிஸ்டம் ஏறத் தொடங்கியது. நீலத் திரையில் பத்து சதவீதம் என்று வந்தபோது அவருக்குப் போன் வந்தது. எங்கோ ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது, உள்ளே மூன்று பேர். "தானா முடிஞ்சுடும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையோடு கிளம்பிவிட்டார்.

அவளுக்குத் தையலில் மனம் ஓடவில்லை. சரியாக இருக்கும் என்று தெரியும், ஆனாலும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி. கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் டிவியில் செருகினாள்.

நாத்தனார் கல்யாண போட்டோக்கள் இருந்தன. லிஃப்ட் கம்பெனிக் கையேடுகள் இருந்தன. சிட்டுவின் பள்ளிக்கூட ஆண்டு விழாகூட இருந்தது. சிட்டு ஃபோல்டர் இல்லை. மேலே போனாள், கீழே வந்தாள். டிவியை அணைத்துப் போட்டாள். இல்லை.

தம்பிக்குப் போன் செய்தாள். வேறு ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன்.

"டேய், சிட்டு வீடியோ எல்லாம் காணோம்டா."

"பதறாம சொல்லுக்கா. மாமா எங்கேருந்து எடுத்து பென் டிரைவ்ல போட்டாரு?"

"எங்கேருந்துன்னா? திரையில முன்னாடியே இருக்குமே, மஞ்சக் கலர்ல, அதை."

"அந்த மஞ்சப் படத்தோட ஓரத்துல சின்னதா வளைஞ்ச அம்புக்குறி ஏதாவது இருந்துச்சா?"

கண்ணை மூடிப் பார்த்தாள். ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிற திரை. இடப்பக்கம், கீழே, வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு குட்டி அம்பு.

"இருந்துச்சு."

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அது ஷார்ட்கட். உண்மையான ஃபோல்டர் உள்ளே வேற எங்கேயோ இருக்கும். வெளியில இருக்கறது அங்கே போறதுக்கு வழி மட்டும்தான். மாமா காப்பி பண்ணது வழியை. வீடியோவை இல்லை."

அவள் திரும்பிப் பார்த்தாள். நீலத் திரையில் முப்பத்தெட்டு சதவீதம். அடுத்த கணம் அவள் மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்தாள். கை பிளக்கைப் பிடித்துவிட்டது.

"பிடுங்கிடறேன்டா. மிச்சமாவது பிழைக்கட்டும்."

"ஐயோ, பிடுங்காதே! பாதியில நின்னா டிஸ்க்கே கெட்டுப் போகலாம். கையை எடு. எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்" என்றாள். எடுக்கவில்லை. விரல்கள் பிளக்கின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

"பழசை வெச்சுக்கணுமா வேண்டாமான்னு கேட்டிருக்கும். மாமா என்ன அமுக்கினாரு? டிஸ்க்கையே மொத்தமா அழிச்சு ஃபார்மட் பண்ணாரா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? கணவருக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவர் போனை எடுக்கமாட்டார். நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு. ஒவ்வொரு எண் ஏறும்போதும் ஒரு தேதி அழிவதாக அவளுக்குத் தோன்றியது. இது மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் வந்தது. இது குளியலறையில் வந்தது. அதைத் திரும்ப எடுக்க முடியாதே! எடுக்க வேண்டுமென்றால் பிள்ளைக்குத் திரும்ப வர வேண்டுமே! டாக்டர் ஒன்றுமே இல்லாமல் எதை வைத்து முடிவு சொல்வார்? மறுபடி அந்த ஊசி டப்பாக் கதையையா சொல்வது?

"அம்மா, மேசைக்கு அடியில என்ன பண்றே?"

சிட்டு அறை வாசலில் நின்றாள்.

"ஊசி விழுந்துடுச்சும்மா."

"எடுத்துத் தரட்டா?"

"வேண்டாம், நீ போ" என்றாள். குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. சிட்டு முகம் சுருங்கிப் போனாள்.

அறுபத்தேழில் கணவர் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னாள்.

"எதுவும் வெச்சுக்க வேண்டாம்னுதான் அமுக்கினேன்" என்றார். "எல்லாம் பேக்கப் எடுத்தாச்சுன்னு நினைச்சு..."

"ஃபார்மட் பண்ணீங்களா?"

"ஞாபகம் இல்லைம்மா."

அந்த மனிதர் குரல் நடுங்கி அவள் கேட்டதேயில்லை. திட்டலாம் என்றிருந்தவள், "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கையில் கிரீஸோடு ஓடி வந்து சேர்ந்தபோது கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்திருந்தது. மொழி கேட்டது, நேரம் கேட்டது, நலம் விசாரிப்பதுபோல் வரவேற்பு சொன்னது. பிறகு திரை வந்தது. குப்பைத் தொட்டியைத் தவிர வேறொன்றும் இல்லாத, துடைத்துவிட்ட திரை.

"டிஸ்க்கைத் திறங்க மாமா" என்றது ஸ்பீக்கரில் தம்பியின் குரல். "ஃபார்மட் பண்ணாம இருந்தா, புது சிஸ்டம் பழசை மூட்டை கட்டி ஒரு ஓரமா வெச்சிருக்கும். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் தூக்கிப் போடும். பேருக்குப் பின்னாடி 'ஓல்ட்'னு இருக்கும். இருக்கா?"

லிஃப்ட் குழியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற கை மௌஸைத் தப்புத் தப்பாக அமுக்கியது. அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"இருக்கு."

"உள்ளே போங்க."

உள்ளே போகவிடாமல் ஒரு பெட்டி வந்து மறித்தது: இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. "தொடர்னு ஒண்ணு கீழே இருக்கும், அமுக்குங்க" என்றான் தம்பி. பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து, ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்தது.

வரிசையாகத் தேதிகள் வந்தன.

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவள் எண்ணினாள். நாற்பத்து மூன்று. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் எண்ணினாள்.

"முதல்ல ரெண்டு தனித்தனி டிரைவ்ல காப்பி பண்ணுங்க" என்றான் தம்பி. "அப்புறம் ஒவ்வொண்ணையும் போட்டுப் பாருங்க. பேரு இருந்தா போதாது, ஓடணும்."

போட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் அவளுக்கு வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. "நான் பார்க்கறேன், நீ போ" என்றார் கணவர். மூன்றாவது வீடியோவிலேயே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துப் பார்த்து நகர்த்தினாள். ஒன்று மட்டும் பாதியில் உறைந்து நின்றது. நாற்பத்திரண்டு மிச்சம்.

"இது நானா?"

சிட்டு எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியவில்லை. அம்மா அவசரமாகத் திரையை மறைக்கப் போனாள்.

"எனக்குத்தானே வருது. நான் பார்க்கக்கூடாதா?"

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ஒரே நாற்காலியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். சிட்டு அழுவாள், பயந்து போவாள், இனி தூங்கமாட்டாள் என்றெல்லாம் அம்மாவின் மனம் அடித்துக்கொண்டது. சிட்டு வீட்டுப்பாடம் போடுகிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்யாண வீட்டு வீடியோவை மறுபடி போடு" என்றாள் ஒரு கட்டத்தில். பிறகு, "பூங்காவுல எடுத்தது." பிறகு இன்னொன்று. வேறெதற்கோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்ததால் ஆரம்பத்திலிருந்தே பதிவானவை ஐந்தாறுதான் இருந்தன. அவற்றை மட்டும் கேட்டாள்.

"அம்மா, முதல்ல என் இடது கட்டைவிரல் உள்ளே மடங்குது பாரு. அப்புறந்தான் மத்ததெல்லாம். எல்லாத்துலயும்."

போட்டுப் பார்த்தார்கள். மடங்கியது. ஆறு வருஷமாக அம்மா டாக்டரிடம் சொல்லிவந்த வார்த்தை "திடீர்னு" என்பதுதான்.

புதன்கிழமை அந்தப் பெரிய டாக்டர் அதைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பூங்கா வீடியோவை மூன்று தடவை போட்டார். வலது பக்க மூளையிலிருந்து ஆரம்பிக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது, இன்னும் இரண்டு பரிசோதனை செய்துவிட்டு ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பிரித்துச் சொல்ல முடியாத செய்தி. அன்றைக்கு இரவு அப்பாவும் அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிய சிட்டு மாடிப்படியின் நடுவில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! விரல்!"

அம்மா தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். எட்டுப் படி. பிள்ளையின் தலை சாய்வதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.