கன்னத்தில் ஒரு பாதாம்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. தட்டு துடைக்கும்போது வந்து மாட்டியது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் என் பக்கத்து வீட்டு விபெக்கா கழுவிக் கொடுத்தாள், நான் துடைத்தேன், அவள் சொன்னாள்.

2

வெளியே பனி மெல்ல

வேண்டாம். அன்று மழைதான், எங்களூர் டிசம்பரில் வேறென்ன.

மறுபடி: போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. விபெக்கா எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து சிநேகிதர்களை அழைத்திருந்தாள். காகித இதயங்கள் பின்னித் தொங்கவிட்டாள், பன்றி இறைச்சியைத் தோல் மொறுமொறுக்க வறுத்தாள். இத்தனை பாடும் ஒருத்திக்காக. இங்கெர், பள்ளிக்கூடத் தோழி. விபெக்காவின் அம்மா சாவுக்கு அவள் வராததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அன்று வந்துவிட்டாள்.

3

கடைசியில் குளிர்ந்த அரிசிப் பாயசம் (இந்தச் சொல் எனக்கே திருப்தியில்லை). அதற்குள் ஒரே ஒரு முழுப் பாதாம், இங்கே கிறிஸ்துமஸ் விளையாட்டு அது. கிடைத்தவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சட்டி காலியாகும்வரை மூச்சு விடக் கூடாது. மற்றவர்கள் வயிறு முட்டத் தின்று தேட வேண்டும். பாதாம் கிடைத்தவருக்குப் பரிசு, பாதாம் விழுதில் செய்த பன்றிக்குட்டி மிட்டாய்.

பாதாம் விபெக்காவின் கரண்டியிலேயே வந்தது.

"யாரு அமுக்கி வச்சிருக்கீங்க? எல்லாரும் வாயைத் தொறங்க பாப்போம்!" என்றான் பழைய நண்பன் பிரேபென்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே இங்கெர் கரண்டியைக் கீழே வைத்தாள். "விபெக்கா, அம்மா சாவுக்கு நான் வராதது தப்புதாண்டி. பயந்துட்டேன். மன்னிச்சிடு."

விபெக்கா வாயைத் திறக்கவில்லை.

(தலையாவது ஆட்டியிருக்கலாமே? நானும் கேட்டேன். "முகத்துல காட்டிட்டா ஆட்டம் போச்சு. சட்டியில இன்னும் ரெண்டு கரண்டிதான். முடியட்டும், கட்டிப் பிடிச்சு அழலாம்னு இருந்தேன். மடச்சி நான், மடச்சி.")

"சரி, புரியுது," என்று இங்கெர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

4

முடிவு ஒன்று: பாதாமைத் துப்பிவிட்டு விபெக்கா பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறாள். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் ஓடவில்லை.

முடிவு இரண்டு: மறந்த குடைக்காக இங்கெர் திரும்பி

இங்கெர் குடையை மறக்கவில்லை.

பன்றிக்குட்டி ஒரு வருடமாக அலமாரியில் கல்லாகிக் கிடக்கிறது. நாளை மறுநாள் மறுபடி விருந்து.

"இங்கெரைக் கூப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? வாயில பாதாம் இருந்துச்சுன்னு சொன்னா நம்பத்தான் செய்வா. ஆனா, என்னைவிட அது பெருசாப் போச்சாடின்னு கேப்பா."

அவளுடைய ஈரக் கையில் போனைத் திணிக்கிறேன். (இது நடக்கவில்லை. கதைக்காகத் திணிக்கிறேன்.) மணி அடிக்கிறது. "யாரு?" என்கிறாள் இங்கெர். விபெக்காவின் வாயில் இப்போது ஒன்றும் இல்லை. அடுத்த வரி எனக்கு வரவில்லை. நீங்கள் பேசுங்கள், அவள் போனை வைத்துவிடப் போகிறாள்.