ஒரே கிருமி, ஒருத்திக்கு மட்டும் மாத்திரை

நெம்மேலியில் லோகநாயகி வீட்டில் மீன் வாங்கினால் தலையும் வாலும்கூட ஓரகத்திகள் இருவருக்கும் சமமாகத்தான் போகும். மூத்தவளான அவள் போட்ட சட்டம். அதனால் இளையவள் கண்ணகிக்கு நாலாம் மாதப் பரிசோதனை என்று செங்கல்பட்டுக்குத் துணைக்குப் போனவள், வந்ததற்குத் தன் சிறுநீரையும் ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. இருவருக்கும் ஒரே கிருமி. எரிச்சல், காய்ச்சல் என்று யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டரம்மா கண்ணகிக்கு மட்டும் ஏழு நாள் மாத்திரை எழுதினார்.

"உங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றார் லோகநாயகியிடம்.

வந்ததே கோபம். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கண்ணகியிடம் வெடித்தாள்.

"அவளுக்கு வந்தா கிருமி, எனக்கு வந்தா இன்னா, கறிவேப்பிலையா?"

வயிற்றுப் பிள்ளையோடு மாத்திரை விழுங்கக் கண்ணகிக்கும் பயம். "பாதிய நீ எட்த்துக்கோக்கா" என்று அட்டையைக் கிழித்து நீட்டினாள்.

நாலாம் நாள் லோகநாயகிக்கு வயிறு பிடுங்கிக்கொண்டு போனது. கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்தே ஓய்ந்தாள். கிருமி வெளியே போகிறதாம், அதில் பெருமை வேறு.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கண்ணகிக்குக் கிருமி அப்படியே இருந்தது.

"ஏழு நாளும் சாப்பிட்டியா?" என்றார் டாக்டரம்மா.

"மறந்துட்டேன் மேடம்."

"மாசமா இருக்கும்போது இதை விட்டா கிட்னிக்கு ஏறும். குறைமாசத்துல பிள்ளை பொறக்கலாம். உனக்கு அக்கறையே இல்லையா?"

லோகநாயகிக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், அவளுக்குப் பிள்ளையில்லை. அந்த வீட்டுக்கு இதுதான் முதல் குழந்தை. தன் வீம்புக்கு அதை விலையாகக் கொடுப்பதா?

"அவள வையாதீங்க மேடம். பாதிய நான் துன்னுட்டேன்."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்க கிருமி அது பாட்டுக்குச் சும்மா கெடந்துச்சு. உங்க வயித்தக் கெடுத்தது மாத்திரைதாம்மா."

"என்னை வுடுங்க. இவளுக்கு இன்னும் நேரம் கீதா?"

"இருக்கு. இந்தத் தடவை முழுசாச் சாப்பிடணும்."

வெளியே வந்ததும் லோகநாயகி அழுதுவிட்டாள். "எனக்காவ இன்னாத்துக்குடி பொய் சொன்னே?"

"நீ திட்டு வாங்கிக்கினு மூஞ்சத் தூக்கி வச்சிகினா, வூட்ல எனக்கு யாருக்கா சோறு போடுவா?"

அழுதுகொண்டே அவள் தோளில் ஒன்று போட்டாள் லோகநாயகி.