வெந்நீருக்கு வந்த வாள்வீரன்

"மூலிகை. உயிர் கொஞ்சம் கூடும்." இந்த வரி நான் எழுதியது. "உயர்ந்த ரக மூலிகை. உயிர் நிறையக் கூடும்." இதுவும் நான்தான். வீடியோ கேம் ஆடுகிறவர் தன் வீரனின் பையைத் திறந்து ஒரு பொருளைத் தொட்டால் கீழே ஒரு வரி வரும் அல்லவா, யாரும் படிக்காமல் தாண்டிப் போகிற வரி, அதை எழுதுவதுதான் நாற்பது வயது வரைக்கும் என் உத்தியோகம். மூலிகை, கயிறு, செருப்பு, விஷமுறிவு, துருப்பிடித்த சாவி. கோகா சிஹோ என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. பக்கத்து மேஜை முனகாதா என்னை 'மூலிகை-சான்' என்றுதான் கூப்பிடுவார்; சான் என்பது பெயரோடு ஒட்டுகிற மரியாதைச் சொல்.

அப்படிப்பட்ட எனக்கு யாகி டைரக்டர் ஒரு முழு அத்தியாயத்தைத் தூக்கிக் கொடுத்தார். எங்கள் புது விளையாட்டில் ஏழு காலம், ஏழு நாயகர்கள், ஏழு தனிக்கதைகள். எந்தக் கதையை முதலில் ஆடுவது, எதைக் கடைசியில் ஆடுவது என்பது ஆடுகிறவர் இஷ்டம். ஏழையும் முடித்தால் எல்லோரும் ஒன்றுசேரும் எட்டாவது திறக்கும். ஒரு கதையில் கடற்கொள்ளைக்காரி, ஒன்றில் அரண்மனை வைத்தியர், ஒன்றில் நிலவில் தண்டவாளம் போடுகிறவர். முனகாதா எழுதியது ஒரு வாள்வீரன். முதலிலிருந்து முடிவுவரை ஒரு வார்த்தை பேசமாட்டான். "ஒரு 'ம்' கூடவா சொல்லக்கூடாது?" என்று டைரக்டர் கேட்டதற்கு, ராஜினாமா செய்துவிடுவேன் என்று மிரட்டி அவனை ஊமையாகவே காப்பாற்றி வைத்திருந்தார்.

என் கதையில் வாளும் இல்லை, பூதமும் இல்லை. உலக யுத்தம் முடிந்த சில வருஷத்துக்குப் பிறகு, சிகுஹோ பக்கம் ஒரு நிலக்கரி ஊர். அங்கே பொதுக் குளியலறையை நடத்துகிற ஒரு பெண். அடுப்புக்கு விறகு போட வேண்டும், தொட்டியில் சூடு ஆறாமல் பார்க்க வேண்டும். சுவரில் ஒவ்வொரு சுரங்கத் தொழிலாளிக்கும் பெயர் எழுதிய ஒரு மரச்சீட்டு. ஆள் குளிக்க வந்ததும் அவன் சீட்டைத் திருப்பி மாட்ட வேண்டும். ஒருநாள் ஒரு சீட்டு திரும்பாமல் நிற்கும். அவள் அடுப்பை அணைக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் கதை. என் அம்மா பிறந்த ஊர் அது. அங்கே கேட்டது பாதி, நானாகச் சேர்த்தது பாதி. அதை எழுதிய நாட்களில் காலையில் மூன்று நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவேன். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்த்தோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் கதையாக நேரே என் குளியலறைக்குள் நுழைந்தார்கள். நுழைந்து, நாலு விறகு போட்டுவிட்டு, கொட்டாவி விட்டு, வெளியே வந்துவிட்டார்கள். சிலர் விளையாட்டையே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார்கள்.

"ரொம்ப அமைதியான அத்தியாயங்க," என்றார் ஒருவர் போகும்போது.

"எனக்குத்தான் இதை ரசிக்கிற பக்குவம் பத்தலை," என்றார் இன்னொருவர், இடுப்பை வளைத்து.

மரியாதைக்குப் பெயர்போன எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக யாரும் காறித்துப்ப முடியாது.

டோக்கியோவில் பணம் போடுகிறவர்களுக்கு விஷயம் போயிற்று. ஆறு கதை போதுமே என்று பதில் வந்தது. யாகி-சான் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"அடுத்த மாசம் இன்னொரு தடவை ஆட வச்சுப் பாக்கறோம் கோகா-சான். அப்பவும் இப்படியேதான்னா, குளியலறையை எடுத்துடச் சொல்றாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"எடுத்துட்டா நான் என்ன பண்றது?"

"ஆறு கதைக்கும் பொருள் விளக்கம் இருக்கே," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுபடியும் மூலிகை.

கீழே இருக்கும் உதோன் நூடுல்ஸ் கடைக்கு மதியம் போனேன். முனகாதா ஏற்கெனவே அங்கே வேர்ப் பஜ்ஜியை நூடுல்ஸில் அமுக்கி ஊறவைத்துக்கொண்டிருந்தார். தப்பித்துப் போக வழியில்லை, இடம் அவர் பக்கத்தில்தான் இருந்தது.

"மூலிகை-சான், முகத்துக்கு ஒரு விஷமுறிவு தேவைப்படுது போல?"

"பேசாம சாப்பிடுங்க. உங்க வாள்வீரன்கிட்ட கத்துக்கங்க."

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வெறும் வெந்நீர் போடற கதையை யாராவது முதல்ல வைப்பாங்களா?"

"யாரு முதல்ல வச்சது? நான் கடைசியிலதான் வச்சேன்!"

"அப்புறம் ஏன் எல்லாரும் முதல்ல அங்க போய் விழறாங்க?"

நான் சட்டென்று எழுந்தேன். முனகாதா கிண்ணத்தை வைத்துவிட்டார். பாதி பஜ்ஜியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். கடைக்காரம்மா பின்னாலிருந்து ஏதோ கத்தினாள்.

கதை தேர்ந்தெடுக்கும் திரையைத் திறந்து பார்த்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்களில் யாரும் அந்தத் திரையைப் பார்த்து மாதக்கணக்காகிறது. அவரவர் கதையைச் சரிபார்க்க நாங்கள் குறுக்கு வழியில் நேரே உள்ளே குதித்துவிடுவோம். வாசல் வழியாகப் போகிறவர்கள் வெளியாட்கள் மட்டும்தான்.

திரையில் பழைய காலத்து ஓவியச் சுருள் விரிந்து கிடந்தது. அதில் வரிசையாக ஏழு படங்கள். வலக்கோடியில் வாளோடு ஊமை வீரன், இடக்கோடியில் என் குளியலறைப் பெண். படங்களை நான் அலுவலகச் சுவரில் ஒட்டிக் கொடுத்த வரிசை அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் சுருளை வலப்பக்கத்திலிருந்துதான் விரித்துப் படிப்பார்கள். அப்படியானால் நான் கடைசி. ஆனால் தேர்ந்தெடுக்கிற அந்தச் சின்ன வெள்ளைக் கை, இடக்கோடியில், சரியாக என் பெண்ணின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"தொகுனாகா-சான்!" என்று கத்தினேன். கணினி நிரல் எழுதுகிற தொகுனாகா காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு வந்தார்.

"கை ஏன் இங்க நிக்குது?"

"இதுதானே ஒண்ணு?" என்றார் அவர்.

"இது ஏழு! வலப்பக்கத்துலேருந்து எண்ணணும்!"

"யாருங்க வலப்பக்கத்துலேருந்து எண்ணுவாங்க?"

"கதை எழுதற எல்லாரும்! நம்ம எழுத்தை மேலேருந்து கீழே எழுதி வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் வர்றவங்க எல்லாரும்!"

"நான் வாழ்க்கையில இடப்பக்கத்துலேருந்து தவிர ஒண்ணும் எழுதினதில்லையே," என்றார் தொகுனாகா பாவமாக. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த அறையில் கதைக்காரர்கள் நாங்கள் ஒரு திசையிலிருந்து வருகிறோம், நிரல்காரர்கள் எதிர்த்திசையிலிருந்து வருகிறார்கள். ஒரு வருஷம் ஒரே விளையாட்டைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தும் இரண்டு தரப்புக்கும் இது தெரியவில்லை. எந்தக் கதையை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நாம் சொல்லலாம். ஆனால் கை எங்கே நிற்கிறதோ அங்கேதான் முக்கால்வாசிப் பேர் பொத்தானை அழுத்துவார்கள்.

கையை வாள்வீரனின் தலைக்கு மாற்ற தொகுனாகாவுக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு யாகி-சானிடம் போனேன். அவர் திரையைப் பார்த்தார், சிரித்தார், பிறகு தலையைச் சொறிந்தார்.

"முதல்ல வந்து விழமாட்டாங்க, சரி. ஆனா கோகா-சான், ஆறு கதையில வாளும் பீரங்கியுமா ஓடி வந்தவங்க ஏழாவதுல வந்து விறகு போடுவாங்களா? அப்பவும் கொட்டாவிதான் வரும்."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது. என் மேஜைக்கு வந்து முகத்தைத் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுதேன்தான்.

கொஞ்ச நேரம் கழித்து முனகாதா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"என் ஆளைக் குளிக்க அனுப்பட்டுமா?"

"கிண்டல் பண்ண இப்பதான் நேரம் பாத்தீங்களா?"

"கிண்டல் இல்ல. அவன் மலை, பனி, ரத்தம்னு அலைஞ்சு ஒரு தடவைகூடக் குளிக்கல. நானே இப்பதான் யோசிச்சுப் பாத்தேன், நாத்தம் பிடிச்ச பய. ஆடறவர் அவன் கதையை முடிச்சுட்டு உங்க கதைக்கு வந்தா, ராத்திரி தொழிலாளிங்களோட அவனும் வரட்டும். கொள்ளைக்காரியை முடிச்சிருந்தா அவ பொம்பளைங்க பக்கம் போகட்டும். யாரை முடிச்சிருக்காங்களோ அவங்க எல்லாம் வரட்டும். யாரையும் முடிக்காம வந்தா யாரும் வரவேண்டாம்."

நான் நிமிர்ந்தேன். தொழிலாளிகள் எல்லோருக்கும் சீட்டு உண்டு, வருகிறவர்களுக்கும் ஒன்று எழுதி மாட்டினால் போகிறது. யார் எந்தக் காலத்திலிருந்து வருகிறார்கள் என்று குளியலறையில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆடுகிறவர் எப்போது வருகிறாரோ அதற்கேற்ப அந்த அறை நிறையும். என் அத்தியாயத்துக்கு ஒரு வரிசை வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். இவர் அந்த வரிசையையே என் கதைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"உங்க கதையில ஒரு எழுத்தைக்கூடத் தொடவிடமாட்டீங்களே?" என்றேன்.

"என் கதையில இல்லையே. உங்க கதையிலதானே."

மற்ற ஐந்து கதைகளை எழுதியவர்களும் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். அரண்மனை வைத்தியர் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். நிலவுக்காரர் எடை தாங்காமல் தொட்டிக்குள் தொப்பென்று உட்கார்ந்தார். முனகாதா மட்டும் தன் காட்சியை என்னிடம் காட்டாமல் நேரே தொகுனாகாவிடம் கொடுத்துவிட்டார். கேட்டால், "பாத்துக்கலாம், மூலிகை-சான்," என்று சீட்டியடித்துக்கொண்டு போய்விடுவார். அந்த மாதம் அவரை எத்தனை தடவை மனசுக்குள் அறைந்தேன் என்று கணக்கில்லை.

சோதனை நாள் வந்தது. வந்தவர்களில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கும் ஒரு பெண்மணியும் உண்டு. விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று நாளும் வந்தார். முதலில் வாள்வீரன், பிறகு கொள்ளைக்காரி, பிறகு இங்கும் அங்குமாக ஆறையும் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் மதியம் என் குளியலறைக்குள் நுழைந்தார். யாகி-சான் கையைப் பிசைந்தபடி நின்றார்.

விறகு போட்டார். தொழிலாளிகள் வந்தார்கள், சீட்டைத் திருப்பினார். பிறகு வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கொள்ளைக்காரி வந்தாள். பெண்மணி, "ஆ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். வைத்தியர் வந்தார், நிலவுக்காரர் வந்தார். ஒவ்வொருவருக்கும் அவர் சீட்டுத் தேடித் திருப்பினார், மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்ததுபோல் அடிக்கடி துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு சீட்டு மட்டும் திரும்பாமல் நின்றது. அடுப்பு அணையப் போனது. அவர் அவசரமாக விறகை எடுத்துப் போட்டார். இன்னொன்று போட்டார். யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை.

திரைச்சீலை விலகியது. அந்தச் சீட்டுக்குரிய வாள்வீரன் குனிந்து உள்ளே வந்தான். வாளைக் கழற்றி வாசலில் குடைகளோடு குடையாக வைத்தான். குளித்தான். ஈரத் தலையோடு வெளியே வந்து, மறுபடி வாளை எடுத்து, வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். அடியில் எழுத்துப் பெட்டி திறந்தது. ஒரு முழு விளையாட்டிலும் அவனுக்கு அது திறந்ததில்லை.

"நல்ல வெந்நீர்."

அவ்வளவுதான். பெண்மணி பொத்தானை அழுத்தவில்லை. கைக்கருவியை மடியில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்துத் தலை தாழ்த்தினார், கடையில் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவைக்கிறவர்போல.

நான் முனகாதாவைத் திரும்பிப் பார்த்தேன். ராஜினாமா செய்துவிடுவேன் என்று மிரட்டிக் காப்பாற்றிய அந்த மௌனத்தை என் கதையில் கொண்டுவந்து உடைத்திருந்தார். அவர் கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டு, "வசனம் நீளமாயிடுச்சோ?" என்றார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று யாரும் கொட்டாவி விடவில்லை. ஏழும் இருக்கட்டும் என்று டோக்கியோவிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

சொல்லாமல் விட்ட நன்றி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கேக் வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் அவர் தின்றுவிட்டு மறந்துவிடுவார். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதானே? தொகுனாகாவிடம் கெஞ்சி, குளியலறையிலிருந்து புறப்படும் வாள்வீரனின் பையில் ஒரு பொருளைச் சேர்க்கவைத்தேன். எட்டாவது அத்தியாயத்தைச் சரிபார்க்க முனகாதா பையைத் திறக்கும்போதுதான் அது அவர் கண்ணில் படும்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து மேஜையில் சீட்டியடிப்பது சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். திரையில் அவர் வீரனின் பை திறந்திருந்தது, அடியில் என் வரி:

"குளியலறை மரச்சீட்டு. நீங்கள் வரும்வரை ஒருத்தி அடுப்பை அணைக்காமல் இருக்கிறாள். உங்களால்தான் அவள் இருக்கிறாள்."

முனகாதா அதை இரண்டு தடவை படித்தார். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

"மூலிகை-சான், இதுல உயிர் எவ்வளவு கூடும்னு போடலையே?"

"போட இடம் பத்தலை," என்றேன். "வச்சுக்கங்க. விற்க முடியாது, தூக்கிப் போடவும் முடியாது."