மாட்டுக்கொட்டிலில் ஒரு பிரசவம்

மண்கும்பான் ஊர்ச் சறோஜினிதேவி கந்தசஷ்டி விரதம் பிடித்தால் அந்த ஆறு நாளும் படலைக்குள் மீன் வாசமே வரக்கூடாது. அயல் பூனை மீன்தலையோடு வேலி பாய்ந்தாலும் முற்றம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். அப்படிப்பட்டவளின் மகள் மீனலோசனி, எண்பத்தைந்தாம் ஆண்டுச் சஷ்டிக்குக் கம்பஸிலிருந்து வந்தவள், ஒரு கண்ணாடிச் சாடிக்குள் உயிரோடு கடல்குதிரையைக் கொண்டுவந்து நின்றாள். கரைவலையில் கடற்புல்லோடு அகப்பட்டதாம். பிலிப்பு என்ற மீனவர் கொடுத்தாராம்.

“விரத நாளில மீனை வீட்டுக்க கொண்டராதை.”

“மீனில்லையம்மா, குதிரை.”

அது மீன்தான் என்று மூன்று வருடம் விலங்கியல் படித்தவளுக்குத் தெரியாதா என்ன! சாடி மாட்டுக்கொட்டிலுக்குப் போனது.

உண்மையில் சண்டை சாடிக்காக அல்ல. கடல் உயிரியலில் விசேட பட்டம் படிக்க மீனலோசனியைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். இன்னும் ஒரு வருடம் படிக்கவேண்டும். திங்கட்கிழமை சம்மதம் சொல்லவேண்டும். தாய்க்கோ, மகள் இதோடு நிறுத்தி ரீச்சர் வேலை எடுத்தால் போதும். புருசன் வைத்திலிங்கத்தின் குருநாகல் கடை எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிந்துபோனது. அன்றிலிருந்து மனுசன் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கிடக்கிறார். வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டும்.

“கடலைப் படிச்சு என்ன உத்தியோகம்?”

“கடற்றொழில் திணைக்களம் இருக்கு, ஆராய்ச்சி நிலையம் இருக்கு, இறால் பண்ணையள் வருகுது. கம்பஸிலயே படிப்பிக்கலாம்.”

“கடலில இறங்கினா நேவி சுடுறான். நீ அங்க போய் என்னத்தை ஆராயப் போறாய்?”

மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள்.

விடியப் பால் கறக்கப் போன சறோஜினிதேவி, சாடியைப் பார்ப்பதில்லை என்றுதான் போனாள். கண் கேட்டால்தானே. வயிறு உப்பிய அந்தக் கடல்குதிரை வாலால் ஒரு சுள்ளியைச் சுற்றிப் பிடித்தபடி முன்னால் வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. நாலு பிள்ளை பெற்றவளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

“பிள்ளை, எழும்பி ஓடி வா. அந்தப் பெட்டைக்கு வயித்துக்குத்து.”

மகள் ஓடிவரவும் வயிற்றுப் பை திறந்தது. கண்மயிர் அளவில் குஞ்சுகள் கும்பலாக வெளியே வந்தன. ஒவ்வொன்றுக்கும் குதிரை முகம், ஒவ்வொன்றுக்கும் சுருண்ட வால். இவ்வளவு சின்னனாகவும் ஒரு குறையும் இல்லாமலும் படைக்க முடியுமா என்று சறோஜினிதேவியின் கை தானாகக் கும்பிட்டது.

“பெட்டையில்லையம்மா, அது ஆண்,” என்றாள் மீனலோசனி. “பெண் முட்டையை இவற்ர பையுக்க விட்டிட்டுப் போயிடும். சுமக்கிறதும் பெறுறதும் இவர்தான்.”

சறோஜினிதேவி சாடியைப் பார்த்தாள். விறாந்தையில் குறட்டை விடுகிறவரைப் பார்த்தாள். நாலு பிள்ளை பிறந்தபோதும் அவருக்குக் குருநாகலுக்குத் தந்திதான் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து இரண்டு வருடம்.

“கொப்பரை எழுப்பு. வந்து பாக்கட்டும்.”

வைத்திலிங்கம் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“அதுக்கு நோகுமோ பிள்ளை?”

“தெரியாது அப்பா. அதெல்லாம் இனித்தான் கண்டுபிடிக்கோணும்.”

“உதுகள் என்ன தின்னும்?” என்றாள் தாய்.

“கண்ணுக்குத் தெரியாத பூச்சியள். அது கடலுக்கதான் இருக்கு. சாடிக்க விட்டால் செத்துப்போயிடும்.”

வளவுக்குள் ஒரு பிறப்பு நடந்துவிட்டதே, விரதத்துக்குத் துடக்காகுமோ என்று சறோஜினிதேவி ஒரு கணம் யோசித்தாள். அதை முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று கடலில் விடச் சாடியைத் தானே தூக்கினாள். கடல்தண்ணீர் விரதச் சேலையில் சிந்தியது.

ஒழுங்கையில் அயல்வீட்டுச் சின்னத்தங்கம் வாயைப் பிளந்தாள்.

“விரதத்தோட உந்தச் சாடியைத் தூக்கிக்கொண்டு எங்க போறியள் அக்கா?”

“பிள்ளையின்ர படிப்பு அலுவலாய்ப் போறன். இன்னும் ஒரு வருசம் கிடக்கு,” என்றாள் சறோஜினிதேவி, சாடி தளும்பாமல் மெல்ல நடந்தபடி.