பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி

பீம்ராவ் ஒரு பாட்டை உட்கார்ந்து கேட்டு யசோதரா பார்த்ததே இல்லை.

சொன்னால் தண்டையார்பேட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். பீம் சவுண்டு சர்வீஸ் இல்லாமல் அந்தப் பக்கத்தில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, சாவும் கிடையாது. ஏப்ரல் பதினாலு ஜெயந்தி வந்தால் வியாசர்பாடி வரைக்கும் தெருவுக்குத் தெரு அவன் பெட்டிகள்தான் ஆள் உயரத்துக்கு நிற்கும். ஆனால் பாட்டு ஓடும்போது அவன் இருக்குமிடம் பெட்டிகளுக்குப் பின்னால். ஒயர்ச் சுருளின் மேல் குந்திக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் விளக்குகளையே பார்த்துக்கொண்டு, சூடு ஏறுகிறதா என்று அதன் தலையைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். யசோதரா அவனை முதன்முதலாகப் பார்த்ததும் அப்படித்தான். ஒரு ஜெயந்தி விழாக் கூட்டத்தில், இரண்டு கறுப்புப் பெட்டிகளின் இடுக்கு வழியாக அவன் முதுகைத்தான் முதலில் பார்த்தாள். முகத்தைப் பார்க்க வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவள் வேலை செய்வது திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் வாசல் அறையில். நாளெல்லாம் டிரெய்லர்களின் ஹாரன். வீட்டுக்கு வந்தால் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளாகப் பேச்சை ஆரம்பிப்பது அபூர்வம். பாட்டு பிடிக்காதென்று அக்கம்பக்கத்தில் நினைத்திருந்தார்கள். பீம்ராவும் அப்படித்தான் நினைத்திருந்தான். அவளும் திருத்தவில்லை.

போன பக்ரீத்துக்கு, அவளோடு வேலை செய்யும் உமைமா ராயபுரத்தில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அங்கே ஷோகேஸின் மேல்தட்டில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். தண்ணீர் பாட்டில் உயரம்தான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு உமைமாவின் புருஷன் அஃப்ரித் ஏதோ பழைய பாட்டை மெல்ல வைத்தான். அதுவரை யசோதராவுக்குப் பாட்டென்றால் ஜன்னல் வழியாக வந்து நெஞ்சில் மோதுகிற ஒன்று. இது எதிரே உட்கார்ந்து பேசியது. உமைமாவும் அஃப்ரித்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அது தோன்றியது. நானும் இந்த மனுஷனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் பாட்டு போடுகிறவனோடு குடும்பம் நடத்தி, ஒரு பாட்டுக்கூட. தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி அது அவளோடு வீடு வரைக்கும் வந்தது. அப்புறமும் போகவில்லை.

அதே மாதிரி ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குப் போனில் ஆர்டர் போட்டாள். பார்சல் வந்த அன்றைக்குப் பீம்ராவ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னாமே இது, டிபன் பாக்ஸா?"

"ஸ்பீக்கரு. வூட்ல கேக்கறதுக்கு."

"நம்ம வூட்லயா? கீழ குடோன்ல பேஸ் பாக்ஸே எட்டு கீது."

"அது தெருவுக்கு."

அவன் சற்று யோசித்தான். "சர்தான். ஆனா பீம் சவுண்டுகாரன் வூட்ல மட்டமான பொட்டி கீதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது. நான் பார்த்து சரின்னா வெச்சுக்கலாம். இல்லன்னா திருப்பி அனுப்பிடணும்."

"நீ சரியில்லன்னா அனுப்பிட்றேன்" என்றாள். ஏன் வாங்கினாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார் என்று கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

ஒரு பெட்டியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டினான். 'டொக்' என்று இறுகிய சத்தம் வந்தது. "கனமாக்கீது. ஏமாத்துக்காரன் இல்ல." முன்பக்கத் துணி மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு பூரி அளவுக்குக் கறுப்புக் கூம்பு, அதன் தலைக்கு மேல் பொத்தான் மாதிரி இன்னொன்று. பின்பக்கம் திருப்பினான். ஆம்ப் உள்ளேயே இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் பின்னால்தான். பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை. அதன் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, போனிலிருந்து ஒரு பாட்டை ஓடவிட்டான்.

"மூச்சு உடுது யசோ" என்றான். குரலில் லேசான மரியாதை வந்திருந்தது. "என் பேஸ் பாக்ஸ் உடற மாதிரியே உடுது. தம்மாத்தூண்டு இருந்துகினு!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரீட்சை. அவனுக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். இரண்டு பெட்டிகளையும் தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் தெருவைப் பார்த்து வைத்தான். திருகை முழுக்கத் திருப்பினான். பாட்டு இரண்டாவது மாடியிலிருந்து கிளம்பித் தரையைத் தொடுவதற்குள் களைத்துப்போனது.

கீழே காத்திவாக்கத்து இறாலைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த கெங்கம்மா அண்ணாந்து பார்த்தாள். பீம்ராவைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள். அவள் கேலிக்கு அந்த வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் யாரும் தப்பியதில்லை.

"அடே பீமா! இன்னா நைனா, ஒன் செட்டுக்கு ஜொரமா? முனவிகினு கீது!"

"புதுசு கெங்கம்மாக்கா. பார்சல்ல வந்துது."

"மீதி சத்தம் வர்ற வயிலயே எறங்கிட்ச்சா?"

இறால் வாங்க நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு டிரெய்லர் துறைமுகத்தைப் பார்க்க உறுமிக்கொண்டு போனது. பாட்டு இருந்த இடம் தெரியவில்லை. லாரி போனபிறகு, எதுவும் நடக்காததுபோல் அந்தச் சின்னப் பெட்டிகள் பாடிக்கொண்டிருந்தன.

பீம்ராவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நியாயமானவன். "ஒண்ணு சொல்லணும்" என்றான் உள்ளே வந்து. "ஃபுல்லா வெச்சும் பிசிறு அடிக்கல. என் பொட்டிங்கோ இந்நேரம் கத்திருக்கும்."

சனிக்கிழமை இன்னொரு வாய்ப்புக் கொடுத்தான். கூடத்தின் நடுவில் பெஞ்சைப் போட்டு, பெட்டிகளை வாசலைப் பார்த்து வைத்தான். பின்னால் போய்த் திருகுப் பக்கத்தில் குந்திக்கொண்டான். ஜெயந்திக்கு எப்போதும் முதலில் போடும் பாட்டைப் போட்டான். யாரோ ஒரு பெண் பாடியது. ஆர்மோனியமும் டோலக்கும் தவிர வேறு வாத்தியம் கிடையாது. அந்தப் பாட்டின் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு அத்துப்படி.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "கம்பளி போத்திகினு பாடறா மாதிரி கீது."

யசோதரா வாசல்படியில் நின்றிருந்தாள். பெட்டிகளுக்கு எதிரே. அவளுக்குக் கம்பளி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் குரல், கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்தது. அவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், அதனால்தான் என்று அவளுக்குப் புரிந்தது. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அந்த மனுஷன் வீட்டை நடத்தினான், ஊரில் பேர் வாங்கினான். அவனிடம் போய், நீ உட்கார்ந்திருப்பது தப்பான பக்கம் என்று எப்படிச் சொல்வது?

"வாணாம் யசோ" என்றான். "நல்ல கைவேலைதான். ஆனா நமக்கு ஒத்துவராது. திருப்பி அனுப்பிடு."

சொன்ன சொல் சொன்னதுதான். போனை எடுத்துத் திருப்பி அனுப்புவதற்கான பட்டனை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் வருவான் என்று பதில் வந்தது. பீம்ராவ் வியாசர்பாடியில் ஒரு காதுகுத்துக்கு செட்டு போடக் கிளம்பிப் போனான். போகும்போது, "ஒயர்லாம் நீ தொடாத. காலைல வந்து நானே சுத்தி பேக் பண்றேன்" என்றான். அந்நியருடைய பொருளானாலும் ஒயரைக் கோணலாகச் சுற்றினால் அவனுக்குப் பொறுக்காது.

காலையில் யசோதரா உமைமாவுக்குப் போன் செய்தாள்.

"யசோக்கா, பெஞ்சுல எதுக்கு வெச்சீங்க? புக்கு அலமாரி இருக்குல்ல, அதுல வைங்க. செவுத்தோட ஒட்ட வெக்காம கொஞ்சம் முன்னாடி இழுத்து. ரெண்டு பொட்டிக்கும் எதிர்ல நடுவா ஒரு சேர் போட்டு உக்காருங்க. அவ்ளோதான்."

அலமாரியின் நடுத்தட்டில் இரண்டு ஓரத்துப் புத்தகங்களையும் எடுத்துத் தரையில் அடுக்கினாள். அந்த இடங்களில் பெட்டிகளை வைத்தாள். நடுவில் மட்டும் புத்தகங்கள் அப்படியே நின்றன. எதிரே ஒரு நாற்காலி. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி.

பீம்ராவ் ராத்திரி முழுக்க விழித்துக் கண் சிவந்து வந்தான். வந்ததும் ஒயரைத் தேடினான். அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. பெட்டிகளுக்குப் பின்னால் போக இடமில்லை. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பஸ்ஸில் தன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் மாதிரி விழித்தான்.

"இங்க ஏன் வெச்ச?"

"டீ ஆறுது. குட்ச்சிட்டு கழட்டு."

டீ முக்காலியில் இருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அதே ஜெயந்திப் பாட்டை மெல்ல வைத்தாள். பக்கத்து அறையில் யாராவது தூங்கினால் எழாத அளவுக்கு. சமையல் மேடையில் சாய்ந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு பாட்டு ஓடும்போது அந்த முகத்தை இப்போதுதான் நேரே பார்க்கிறாள்.

ஒரு மிடறு குடித்தான். இரண்டாவது மிடறுக்கு டம்ளர் பாதி வழியில் நின்றது.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். இடது பெட்டியில் காதை வைத்தான். வலது பெட்டியில் வைத்தான். திரும்ப வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்து, நடுவிலிருந்த புத்தகங்களின் மேல் புறங்கையை வைத்தான். ஆம்ப் சூட்டைப் பார்க்கிற அதே புறங்கை.

"யசோ. அந்தம்மா இங்க நின்னு பாடுது. இங்க பொட்டியே இல்ல."

அவன் கை அந்தப் பக்கம் நீண்டது, பிறகு இந்தப் பக்கம்.

"டோலக்கு அந்தாண்ட கீது. ஆர்மோனியம் இந்தாண்ட. நடுவுல அந்தம்மா." நாற்காலிக்குப் பின்னோக்கி நடந்து வந்தான், பார்வையை எடுக்காமல். "தெருவுக்கு நாங்க எல்லாத்தையும் ஒண்ணா கலந்துதான் உடுவோம். ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். இல்லன்னா ஒரு வூட்டுக்காரனுக்கு டோலக்கு மட்டும் போவும், சண்டைக்கு வந்துடுவான்." சிரித்தான். சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கையைத் தூக்கினான். "கேட்டியா? ரெண்டாவது அடிக்கு முன்னால மூச்சு இழுக்குது. எத்தினி வருசமா இந்தப் பாட்ட போட்றேன். அந்தம்மா மூச்சு உட்டதே எனக்குத் தெரியாது."

பாட்டு முடிந்தது. வெளியே ஒரு டிரெய்லர் போனது.

"பேஸ் சத்தம் கொஞ்சம் கம்மி" என்றான் கடைசியில், பரீட்சைக்காரன் என்ற நினைப்பு வந்து. "லாரி வந்தா முழுங்கிடும். ஆனா சின்னதா வெச்சாலும் ஒண்ணும் காணாம போவல பாரு. அதான் பெருசு. கத்தறதுக்கு எந்தப் பொட்டியாலயும் ஆவும்." பிறகு, "நீயும் வா. உக்காரு" என்றான்.

அவள் முக்காலியை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் நாற்காலியோடு அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தான். பாட்டை மறுபடி போட்டாள். அவன் முகம் கோணியது.

"அய்ய, சாஞ்சிட்ச்சு. அந்தம்மா எம்பக்கத்துப் பொட்டிக்குள்ள பூந்துகிச்சு."

"எனக்கு எம்பக்கத்துல கீது."

"ஒரு ஆளுக்குத்தான் நடு" என்றான். குரலில் ஏமாற்றம். பெட்டி தேறிவிட்டது. ஆனால் அவள் அதற்காக வாங்கவில்லை.

"நீ நாற்காலில உக்காரு" என்றாள். "எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. நீ உக்காரு." அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். பெட்டிகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மைதானத்தில் கம்பம் நட இடம் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வானே, அப்படி மூடிக்கொண்டு அளந்தான். பிறகு அவளுக்கு நேர் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு பெட்டிகளுக்கும் நடுக்கோட்டில், அவள் முழங்காலில் தலை இடிக்கிற தூரத்தில்.

"இப்போ போடு. மொதல்லேர்ந்து."

போட்டாள். அந்தப் பெண் நடுவில் நின்று பாடினாள். அவளுக்கும் நடுவில், அவனுக்கும் நடுவில். யசோதராவின் கண்ணெதிரே மறுபடியும் அந்த முதுகுதான். சட்டையில் காதுகுத்து வீட்டுச் சந்தனம் ஒட்டியிருந்தது. ஒயர்ச் சுருளின் மேல் குந்தியிருக்கும்போது எப்போதும் விறைத்திருக்கும் அந்த முதுகு, இப்போது மெல்லத் தளர்ந்து அவள் காலில் சாய்ந்தது.

கீழே பைக் வந்து நின்றது. "ரிட்டர்ன் பார்சல்! ரெண்டாவது மாடி, பீம்ராவ்!"

யசோதரா எழப் போனாள். பீம்ராவ் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"பீமா வூடா?" கெங்கம்மாவின் குரல் மாடி வரைக்கும் தெளிவாக ஏறி வந்தது. "அவன் இல்லபா. அவன் இருந்தா இந்நேரம் பில்டிங்கே அதிரும். சத்தமே காணோம் பாரு. போய்க்கினே இரு நைனா."

பைக் உதைபட்டுக் கிளம்பியது. அவள் காலில் சாய்ந்திருந்த முதுகு குலுங்கியது. அவன் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பை அடக்கி, ஒரு விரலை மேலே தூக்கினான்.

அந்தப் பெண் இரண்டாவது அடிக்கு மூச்சு இழுத்தாள்.