மூன்றாவது வட்டம்

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றியதும் நேராக டயரில் கை வைக்க மாட்டேன். முதலில் ரிம்மை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். எங்கே கீறல், எங்கே நெளிசல், எங்கே பெயின்ட் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போடுவேன். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "இதெல்லாம் நீங்க கொண்டு வந்தது. வட்டத்துக்கு வெளிய ஒரு கீறல் இருந்தா அது நான் போட்டது, வந்து என் சட்டையைப் பிடிங்க" என்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் என் சட்டையைப் பிடித்ததில்லை.

இது நல்ல மனசால் வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தால் வந்தது. கடை போட்ட புதிதில் ஒருத்தன் எங்கேயோ பள்ளத்தில் விட்டு நெளித்த ரிம்மோடு வந்து, டயர் மாற்றிக்கொண்டு போய், மறுநாள் திரும்பி வந்து நான்தான் நெளித்தேன் என்று நடுத்தெருவில் நின்று கத்தினான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். பேச்சு முற்றிக் கைகலப்பாகி, என் முன்பல் ஒன்று போனதுதான் மிச்சம். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வது இதுதான்: "அவர் வாய் மோசம், வட்டம் சுத்தம்." எனக்கு அதில் பெருமைகூட உண்டு. உண்டு என்ன, இருந்தது.

மீட்டர் அக்கா என் வாடிக்கை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. என்னைவிடப் பத்து வயது சின்னவள்தான், ஆனால் தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். அவள் என்னை அண்ணே என்பாள். நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில்தான் சுற்றுவாள். பழைய வண்டி, ஆனால் அலாய் வீல் பளபளவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைத் துடைப்பதே அவளுக்குப் பொழுதுபோக்கு.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவனைப் பற்றி அவளே என் கடையில் டயர் மேல் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். ஆறு வருஷம் குடித்தான். குடித்ததைவிட அவன் சொன்ன பொய்தான் அவளை அரித்தது. ஒரு தடவை அவளுடைய போனை எடுத்து விற்றுவிட்டு, திருடு போய்விட்டது என்று அவளோடு சேர்ந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், புகாரையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான். "கையெழுத்து எவ்வளவு அழகுங்கிறீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது?

பிறகு எப்படியோ நிறுத்தினான். அச்சகம் ஒன்றில் புத்தகம் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தான். அவள் அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். குடித்தால்கூட வந்து சொல்லிவிடு, பொய் மட்டும் சொல்லாதே, பொய் சொன்ன அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். எட்டு மாதம் அவன் ஒரு பொய் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவையாக வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தானாம். பரீட்சையில் பாஸான மாதிரி முகத்தை வைத்திருந்தான் என்று சொன்னாள்.

இதை அவள் சொன்னது இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், முன் டயரை மாற்ற வந்தபோது. அவளுக்கு நிற்க நேரமில்லை, அடுத்த தெருவில் மீட்டர் பார்க்க வேண்டும். "நீங்க வட்டம் போட்டு வைங்கண்ணே. உங்க வட்டத்துக்கு நான் வேற காவல் நிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

சக்கரத்தைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. டயர் மொத்த வியாபாரி. மூன்றாவது தடவையாகத் தப்பான அளவு அனுப்பியிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். பேசிக்கொண்டே சக்கரத்தை மெஷினில் சாய்த்தேன். ரிம்மைக் கவ்வியிருக்கிற டயரின் ஓரத்தை அமுக்கி விடுவிக்க அதில் ஒரு இரும்புத் தகடு உண்டு, காலால் பெடலை மிதித்தால் வந்து அழுத்தும். தகடு ரிம்மில் படாமல் ஒரு விரல் தள்ளி வைக்க வேண்டும். நடுவில் பிளாஸ்டிக் காப்பு ஒன்றும் வைக்க வேண்டும். காப்பு என் கையில்தான் இருந்தது. அதை ஆட்டி ஆட்டித்தான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுகிற வேகத்தில் காலை மிதித்துவிட்டேன்.

டொக்கென்று ஒரு சத்தம். போனை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ரிம்மின் விளிம்பு கட்டை விரல் நீளத்துக்கு உள்ளே மடங்கி, உரசிய இடம் வெள்ளி மாதிரி பளிச்சென்று இருந்தது. வட்டமும் இன்னும் போட்டிருக்கவில்லை. அவள் பக்கத்தில் இல்லாததால், பேசி முடித்துவிட்டுப் போடலாம் என்று விட்டிருந்தேன்.

சாக்பீஸை எடுத்தேன். பழைய கீறல்கள் இரண்டு இருந்தன, அவற்றுக்கு வட்டம் போட்டேன். பிறகு அந்த நெளிசலைச் சுற்றி மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை, நான்தான் போட்டேன். பளிச்சென்ற இடம் புதுசாகத் தெரிந்ததால், கட்டை விரலில் கிரீஸைத் தொட்டு அதன் மேல் தேய்த்தும் விட்டேன். இருபத்திரண்டு வருஷப் பேரைக் காப்பாற்ற எனக்கு அரை நிமிஷம் பிடித்தது.

அவள் மத்தியானம் வந்தாள். முதல் இரண்டு வட்டத்துக்கும் தலையாட்டினாள். மூன்றாவதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. இது புதுசா இருக்கே என்றாள். எங்கேயாவது கல்லில் ஏறி இறங்கியிருக்கும் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை தம்பிதான் எடுத்துட்டுப் போனான்" என்றாள். "ஒண்ணும் ஆகலன்னு சொன்னானே."

என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் ஏற்கெனவே முறுக்கிய நட்டை இன்னொரு தடவை முறுக்கிக்கொண்டிருந்தேன். போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னாள். நீங்க காட்டலேன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்றாள்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் சொன்னேன். கடையில் காற்று அடிப்பதும் கல்லாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். எனக்கு வயிற்றில் எந்த ரகசியமும் தங்காது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு ரிம்தானே, வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவோம், அந்தத் தம்பி என்ன பாவம் பண்ணினான், நாளைக்கே போய்ச் சொல்லிவிடு என்றாள். நான் எகிறினேன். தப்பு என் பக்கம் இருந்தால் என் தொண்டை இன்னும் பெரிசாகும். கத்தி முடித்த பிறகு, சரி, நாளைக்குப் போகிறேன் என்றேன். மறுநாள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், வேலை இருந்தது. வேலை என்றைக்குத்தான் இல்லை?

வியாழக்கிழமை அந்தத் தம்பியே வந்தான். நடந்தே வந்திருந்தான். ஒல்லியான உடம்பு, விரலெல்லாம் காய்ந்த பசை. கடையில் வேறு இரண்டு வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் நகரும்வரை கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். அவர்கள் நகரவில்லை. கடைசியில் கிட்டே வந்தான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த மூணாவது வட்டத்தை டயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டீங்களா, அப்புறம் போட்டீங்களா?"

சரியான கேள்வி. இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அந்த இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடிதான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் கடைப் பழக்கம் ஊருக்கே தெரியும், நீ யார் என்னைக் கேள்வி கேட்க என்று ஒரு பாட்டம் கத்தினேன். அவன் எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவனோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான்தான் எங்கயோ இடிச்சிருக்கேன் போல" என்றான். "குடிச்ச காலத்துல நிறைய மறந்து போயிருக்கேன்ணே. குடிக்காமயும் மறக்கும்னு தெரியாது."

சாரிண்ணே என்று வேறு சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். பத்தடிதான் போயிருப்பான். கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். நான் அடுத்த வண்டியின் பஞ்சரைத் தேட உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து இதையெல்லாம் கேட்ட என் மனைவி அன்று முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த பத்து நாள் அக்காவும் வரவில்லை. அவள் வருகிற தெருப் பக்கம் நானும் போகவில்லை. பதினோராம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன் சக்கரத்தில் சுத்தமாகக் காற்றில்லை. வேறு கடையில் எத்தனை தடவை அடித்தாலும் இரண்டு நாள் தாங்கவில்லை என்றாள். எப்படித் தாங்கும்? ட்யூப் இல்லாத டயர், விளிம்பு மடங்கிய இடத்தில் உட்காராது. அந்த நெளிசலை நிமிர்த்தித் தரச் சொன்னாள். என் மனைவி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

அக்கா சொன்னாள். செவ்வாய் சாயங்காலம் அவனைக் கேட்டாளாம். இடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தானாம். புதன்கிழமையும் அதே சத்தியம். வியாழக்கிழமை டயர் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன், திரும்பி வந்து, ஆமாக்கா, நான்தான் இடிச்சிருப்பேன் என்றானாம். அப்படியென்றால் இரண்டு நாள் செய்தது பொய்ச் சத்தியம்தானே. போட்ட நிபந்தனையை அவளும் மாற்றவில்லை. துணியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், போய்விட்டான். அன்றைக்கே குடித்தான். அச்சகத்திலும் வேலை போய்விட்டது. இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோரம் கிடக்கிறானாம். மனசு கேட்காமல் நேற்று போய்ப் பார்த்தாளாம். யாரு என்று கேட்டானாம்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. சாக்பீஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, பெடலை மிதித்தது, வட்டம் பிறகு போட்டது, கிரீஸ் தேய்த்தது, ஒன்று விடாமல் சொன்னேன். உன் தம்பி சொன்னது சத்தியம், பொய் சொன்னவன் நான் என்றேன். என் மனைவியும் ஆமாம், என்னிடம் அன்றைக்கே சொன்னார் என்றாள்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"அவன் வந்து உங்ககிட்ட அழுதானா?"

இல்லை, அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் அவன் வரவே இல்லை, சத்தியம் என்றேன்.

"எங்கம்மாவும் கடைசிவரைக்கும் இப்படித்தான். அவன் பண்ணதையெல்லாம் தான் பண்ணதா சொல்லிக்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லவங்கண்ணே. ஆனா வேண்டாம்."

நான் கத்தினேன். எனக்கு வேறு என்ன தெரியும்? நான் நல்லவன் இல்லை, என்னை நம்பு என்று கத்தினேன். அவனையே கூட்டிக்கொண்டு வந்து, உன் முன்னால் அவன் காலில் விழுகிறேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சண்டை போடுகிற வீட்டுக்காரர்களிடம் நிற்பது போல நின்றாள்.

"சரி, நீங்க சொல்றது நிஜம்னே வச்சுக்கறேன். அவன் இங்க வந்து நேருக்கு நேர் கேட்டானே. முன்னாடியா பின்னாடியான்னு கேட்டதா அவனே சொன்னான். அப்ப ஏன் நீங்க சொல்லல?"

கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள் என்பதா? இருபத்திரண்டு வருஷம் என்பதா? என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பார்த்தீங்களா" என்றாள் அக்கா. "ஒருத்தன் வாழ்க்கையே போகுதுன்னு வந்து நிக்கும்போது, மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்ற ஆள் இல்ல நீங்க. எனக்குத் தெரியாதா?"

சக்கரத்தைக் கழற்றச் சொன்னாள். இன்றைக்கு வேலை இல்லை, கூடவே நிற்கிறேன் என்றாள். கழற்றிப் பலகை மேல் வைத்தேன். பழைய சாக்பீஸ் கோடுகள் மழையிலும் புழுதியிலும் போயிருந்தன. வழக்கம்போல வட்டம் போட்டுவிட்டு ஆரம்பிங்க என்றாள். முதல் கீறலுக்குப் போட்டேன். இரண்டாவதுக்கும் போட்டேன். நெளிசல் கிட்டே வந்ததும் கை நின்றுவிட்டது.

அவள் என் விரலிடுக்கிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். "இதை விட்டுட்டீங்களேண்ணே" என்று சொல்லி, குனிந்து, நெளிசலைச் சுற்றி அவளே மூன்றாவது வட்டத்தைப் போட்டாள். சாக்பீஸை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு டயர் மேல் போய் உட்கார்ந்தாள். நான் வேலையை ஆரம்பித்தேன்.